தேதியிட்ட ஒரு கடிதம்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் வேப்பூர் போன்ற ஊர்களில் பெற்றோருக்குப் புதிய கவலை தொடங்குகிறது. எந்தக் கல்லூரி என்பது ஒருபுறம் இருக்க, கல்லூரி அலுவலகத்தில் யாரிடம், எப்படிக் கேட்பது என்பதே பலருக்கும் தெரிவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால், விண்ணப்பத்துடன் என்னைத் தேடி வருவோர் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி வந்தார் ஒரு விவசாயி. வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் மகளுக்காகக் கட்டணம் செலுத்தி, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைத்திருந்தார். பின்னர் விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேருவதற்கு மூன்று நாள்களே அவகாசம். 'வேறு இடம் கிடைத்தால் பணத்தைத் திருப்பித் தருவோம்' என்று தொலைபேசியில் உறுதியளித்தவர் யார் என்பது அந்தத் தனியார் கல்லூரியில் எவருக்கும் தெரியவில்லை. இருமுறை பேருந்து ஏறிச் சென்று வெறுங்கையுடன் திரும்பியிருந்தார் அவர்.

முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். மாணவியின் பெயர், விண்ணப்ப எண், ரசீது எண், விலகும் நாள், கோரிக்கை, இவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கையையும் சுட்டிக்காட்டினோம். மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்பினோம். மறுநாளே சான்றிதழ்களைப் பெற்றுச் செல்ல அழைப்பு வந்தது. சில வாரங்களில் பணமும் வந்தது.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அந்த அறிவிக்கை. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறு நிர்வாகச் செலவு போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு கடைசி நாள் வரை 90%, கடைசி நாளுக்குப் பின் 15 நாள்கள் வரை 80%, 30 நாள்கள் வரை 50%, அப்பால் ஒன்றுமில்லை. பின்வந்த ஆண்டுகளில் முழுத்தொகை பெறுவதற்கான தேதியை மானியக் குழு தனியே அறிவித்ததும் உண்டு என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

ஆக, எல்லாமே தேதியைப் பொறுத்தது. தொலைபேசிப் பேச்சுக்குத் தேதி இல்லை, கடிதத்துக்கு உண்டு.

எனவே கல்லூரியின் கையேட்டிலும் இணையதளத்திலும் இல்லாததை மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தில் தந்த மின்னஞ்சலிலிருந்தே, விண்ணப்ப எண்ணுடன் எழுதுங்கள். தொலைபேசியில் பேச நேர்ந்தால், பதில் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, 'இன்று தாங்கள் இவ்வாறு கூறினீர்கள், உறுதிசெய்ய வேண்டுகிறேன்' என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. சேர்க்கைக் காலத்தின் அவசரத்துக்கு அது உதவாது.

கல்லூரிகளுக்கும் கடமை உண்டு. சேர்க்கைக் காலத்தில் பொறுப்பான அலுவலர் ஒருவரை அறிவித்து, தமிழில் வரும் கேள்விக்குத் தமிழிலேயே எழுத்துப்பூர்வமாகப் பதில் தரலாம். ஒருநாள் கூலியை இழந்து கல்லூரி வாசலில் நிற்கும் தந்தைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.