காற்று மாறும், எண் மாறாது

1920இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் கிளைடர் போட்டிகள் தொடங்கியபோது, அவை மரத்தாலும் துணியாலும் ஆனவை. 1957இல் கண்ணாடியிழையாலான முதல் கிளைடராகிய ஃபீனிக்ஸ் பறந்தது. அதன் வழிவந்த வழவழப்பான இறக்கைகளுக்கு முன் மரக் கிளைடர்கள் மெல்லப் பின்தங்கின. புதியதை வாங்க இயலாதோரும் களத்தில் நிற்பதற்கு வழிசெய்தது ஹேண்டிகேப் என்னும் ஈட்டு எண். விமானி எட்டிய வேகத்தை அவருடைய கிளைடருக்குரிய எண்ணால் வகுத்து ஒப்பிடுவர். 2001இல் ஆஸ்திரேலியாவில் முதன்முறை நடந்த கிளப் வகுப்பு உலகப் போட்டியும் ஈட்டு எண் முறையிலேயே அமைந்தது.

ஆயினும் காற்று மாறும், எண் மாறாது. 1,000 மீட்டர் உயரத்திலிருந்து பழைய கிளைடர் 30 கி.மீ., புதியது 40 கி.மீ. சறுக்குவதாகக் கொள்வோம். பழையதன் எட்டுதூரம் புதியதில் 75 விழுக்காடு. மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், 80 கி.மீ. வேகத்தில் செல்லும் பழையது ஏறத்தாழ 19 கி.மீ., 100 கி.மீ. வேகத்தில் செல்லும் புதியது 28 கி.மீ. மட்டுமே எட்டும். 75 விழுக்காடு 67 ஆகச் சரிகிறது. அடுத்த மேலெழு காற்று 25 கி.மீ. தொலைவில் இருப்பின், ஒருவர் பயணத்தைத் தொடர்வார்; மற்றவர் வயலில் இறங்குவார். முடியாத பயணத்தின் வேகத்தை எந்த எண்ணாலும் ஈடுகட்ட இயலாது.

ஈட்டு எண் போட்டியாளரைச் சமமாக்கவில்லை. எளியோருக்கும் வாசலைத் திறந்தது. அதன் வரம்பை அறிந்தவர், பட்டியலின் கடைசிப் பெயரைத் திறமைக் குறைவு என்று எளிதில் தீர்ப்பிடார்.