பெயரிடு மரபு: அருமனை வட்டாரம்

பிறந்த மகவைக் குடும்பமும் ஊரும் தம்முள் ஒருவராக ஏற்று, அதனை அழைப்பதற்குரிய சொல்லை நிலைநிறுத்தும் சடங்கு பெயரிடுதல் எனப்படும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே விளவங்கோட்டுப் பகுதியிலுள்ள அருமனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், தமிழ் வழக்கும் மலையாள வழக்கும், இந்து சம்பிரதாயமும் கிறிஸ்தவ சம்பிரதாயமும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்துவந்தமையால், இச்சடங்கு தனித்த இயல்பினைப் பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணையும்வரை திருவிதாங்கூர் அரசின் ஆளுகையிலும், பின்னர்த் திரு-கொச்சி அரசின் ஆளுகையிலும் இருந்த இந்நிலத்தில், நல்ல பொருளுடைய பெயரைப் பிள்ளைக்கு இடும் உரிமை எல்லார்க்கும் ஒருபடித்தாக இருந்ததில்லை. அவ்வுரிமை படிப்படியாகப் பெற்றோர் கைக்கு வந்து சேர்ந்ததே இம்மரபின் வரலாறு ஆகும்.

பழங்காலம்

பெயர்களை இயற்பெயர், சினைப்பெயர், முறைப்பெயர் என வகுத்து ஆராயும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே காணப்படுகிறது. கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலிய ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. சங்கப் புலவர்களோ ஊரையும் தொழிலையும் தந்தையையும் முன்னிட்டு அழைக்கப்பெற்றனர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்ற ஒரு பெயரிலேயே ஊர், வாணிகம், இயற்பெயர் ஆகிய மூன்றும் அடங்கியிருத்தல் காண்க.

அருமனையைச் சூழ்ந்த பகுதி 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னரின் ஆட்சியில் இருந்தது. பார்த்திவசேகரபுரத்துக் கோயிலை 866ஆம் ஆண்டில் நிறுவிய கோக்கருநந்தடக்கன் பழந்தமிழ்ச் சாயலுள்ள பெயர் உடையவன்; அவனுக்குப் பின் ஆண்டவனோ விக்கிரமாதித்த வரகுணன் என, வடமொழி விருதையும் பாண்டியர் பெயரையும் ஒருங்கே தாங்கினான். அரசியல் உறவு மாறியபோது அரச குடும்பத்தின் பெயர்களும் மாறியமைக்கு இது சான்றாகும். அருமனைக்கு அண்மையில் சிதறால் மலைமேலுள்ள சமணக் கோயிலில், இம்மன்னனது 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, பேராயிற்குடி அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன்னணி அளித்ததைக் கூறுகிறது. குணம், தாங்குதல் என்னும் எளிய சொற்களால் அமைந்த இப்பெயர், பொருள் நோக்கிப் பெயர் பூணும் வழக்கம் இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலவியதைப் புலப்படுத்துகிறது.

சடங்கும் நக்ஷத்திரமும்

வைதிக மரபில் நாமகரணம் சம்ஸ்காரங்களுள் ஒன்று. ஆண் மகவின் பெயர் இரட்டைப்பட்ட எழுத்துக்களாலும், பெண் மகவின் பெயர் ஒற்றைப்பட்ட எழுத்துக்களாலும் அமைதல் வேண்டும் என்று கிருஹ்ய சூத்திரங்கள் விதிக்கின்றன. சோதிடர்களோ 27 நக்ஷத்திரங்களையும் நந்நான்கு பாதங்களாகப் பகுத்து 108 தொடக்க ஒலிகளை ஏற்படுத்தினர். அவ்வகையில் அசுவினியில் பிறந்த பிள்ளைக்குச் சு, சே, சோ, லா என்பவற்றுள் ஒன்று முதலெழுத்தாகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்திலோ நக்ஷத்திரமே பெயராக விளங்கிற்று. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளும், அவருக்குப் பின்வந்த உத்திரம், ஆயில்யம், விசாகம், மூலம் திருநாள்களும், இறுதியாக ஆண்ட சித்திரைத் திருநாளும் தத்தம் ஜன்ம நக்ஷத்திரத்தாலேயே பிரஜைகளால் அறியப்பட்டனர்.

விளவங்கோட்டு இந்துக் குடும்பங்களில் பெயரிடுதல் பெரும்பாலும் ‘இருபத்தெட்டுக் கெட்டு’ என்னும் சடங்கோடு சேர்ந்து நிகழும். பிறந்த நாளை ஒன்றாகக் கொண்டு எண்ணினால், பிறந்த நக்ஷத்திரம் மீண்டும் வருவது 28ஆம் நாளாதலின், அன்றே குழந்தைக்கு அரைஞாண் கட்டப்படுகிறது. குடும்பத்து மூத்தவர் மகவை மடியில் கிடத்தி, ஒரு செவியை வெற்றிலையால் மூடி, மற்றொரு செவியில் பெயரை மும்முறை மெல்ல ஓதுவார். அதன் பின்னரே கூடியிருப்போர் அப்பெயரால் குழந்தையை விளிப்பர். இஸ்லாமியக் குடும்பங்களில் குழந்தையின் செவியில் பாங்கு ஓதுதலும், ஏழாம் நாளில் அகீகா கொடுத்துப் பெயரிடுதலும் வழக்கம்.

ஜாதியும் பெயரும்

தென் திருவிதாங்கூரில் உடைக்கும் அணிக்கும் இருந்த ஜாதிக் கட்டுப்பாடு பெயரையும் விட்டுவைக்கவில்லை. இன்று சுவாமித்தோப்பு எனப்படும் ஊரில் 1809இல் பிறந்த ஆண் மகவுக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர் என்றும், முடியும் பெருமாளும் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு ஆகாவென்று மேல்ஜாதியார் சினந்தெழுந்தமையால் அப்பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற நேர்ந்தது என்றும் அய்யாவழி மரபு கூறும். அம்மகவே பின்னர் அய்யா வைகுண்டர் என வணங்கப்பெற்றவர். ஒரு பெயரின் பொருளை அதனை இட்டவரைவிட அதனைத் தடுத்தவரே மிகுதியாக உணர்ந்திருந்தனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஞானஸ்நானப் பெயர்கள்

1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை மீனவரிடையே ஞானஸ்நானம் கொடுத்துவந்த பிரான்சிஸ் சவேரியார், ஒவ்வொருவர்க்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்தார். உள்நாட்டில் இவ்வழக்கம் வேறு வடிவம் பெற்றது. அருமனையோடு ஒரே பகுதியைச் சேர்ந்த நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, குளச்சற் போரில் சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் பணியேற்ற டச்சுத் தளபதி டி லனாயின் வாயிலாகக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் எபிரேய வழிப் பெயர், கடவுள் உதவினார் என்ற அதன் பொருள் விளங்கத் தேவசகாயம் என்று இடப்பட்டது. 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட அவர் 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்பெயரோ அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மாவட்டத்து வீடுகளில் வழங்கலாயிற்று.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனதும், 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்ததும் சீர்திருத்தச் சபையின் தொடக்கமாகும். சபை பரவப் பரவ, மாசிலாமணி, ஞானாபரணம், சத்தியநேசன், யேசுவடியான், அருளானந்தம் என்ற பெயர்கள் ஊர்தோறும் பெருகின. முன்பு இகழ்ச்சிப் பெயரோ குறுகிய பெயரோ தாங்கிய குடும்பங்கள் இவற்றின் வாயிலாகவே மணியையும் ஆபரணத்தையும் ஞானத்தையும் தம் பிள்ளைகளுக்கு உரிமையாக்கின. ஆயினும் மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உபதேசியார்களுக்கும், பொருளுதவி செய்த இங்கிலாந்து நாட்டாரின் பெயர்களை இடுவதும் உண்டு. அங்கே பெயரைத் தேர்ந்தவர் பெற்றோர் அல்லர், கொடையாளியே.

பெண்களுக்குத் தங்கம்மை, ஞானம்மாள், நேசம்மாள் என்பனவும், கௌரி லட்சுமி பாய், கௌரி பார்வதி பாய் என்னும் திருவிதாங்கூர் அரசியரின் பெயரீற்றைக் கொண்ட லீலாபாய், ரோஸ்பாய் போன்றனவும் பெருவழக்காயின. அரசியர்க்குரிய ஈறு குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு வந்து சேர்ந்தமை கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டு

தனித்தமிழ் இயக்கம் நாஞ்சில் நாட்டையும் தீண்டிற்று. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தத்திற்குக் குலதெய்வத்தின் பெயரால் இடப்பட்டது சொரிமுத்து. ஜீவானந்தம் என்று வழங்கிய அவர், தனித்தமிழ்ப் பற்றால் சிலகாலம் உயிரின்பன் ஆகி, மீண்டும் ஜீவானந்தமே ஆனார். எனினும் அருமனைப் பக்கத்தில் தூய தமிழ்ப் பெயர்கள் சென்னைப் பக்கத்தைப்போல் வேரூன்றவில்லை. தங்கராஜ், குமாரதாஸ், செல்லப்பன், பொன்னப்பன் என்பவற்றின் காலம் கழிந்தபின், வில்சன், எட்வின் போன்ற ஆங்கிலப் பெயர்களும், கேரளத் தொடர்பால் ஷாஜி, பிஜு, அஜின் போன்ற, ஓசைக்காகவே விரும்பப்பட்ட பெயர்களும் வந்தன. தாய் தந்தையர் பெயர்களினின்று ஓரோர் அசையை எடுத்து ஒட்டிப் புதுப்பெயர் ஆக்குவதும் இக்காலத்து வழக்கமே. பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்றும் வீட்டுப் பேர் ஒன்றுமாக இரண்டினைக் கொண்டு வாழ்வோர் இங்கு மிகப் பலர். பாட்டனின் பெயர் பதிவேட்டில் இருக்க, பேபி என்பதும் ராஜன் என்பதும் முற்றத்தில் ஒலிக்கும்.

இன்றைய நிலை

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். பெயர் முடிவாகாவிடினும் பிறப்பைப் பதியலாம். பின்னர் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்மேல் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க விதிகள் இடமளிக்கின்றன. சோதிடரையும் எண்கணிதரையும் போதகரையும் கேட்டு வந்தாலும், படிவத்தில் பெயரை எழுதித் தருபவர் பெற்றோரே. குலத்தைக் காட்டி அதனை மறுக்கும் அதிகாரம் பதிவாளர்க்கு இல்லை. இவ்வுரிமையைப் பெற்ற தலைமுறையே பொருளினும் ஓசையை மிகுதியாக நாடுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும், பொருளைப் பொருட்படுத்தாமல் இருக்கும் சுதந்திரமும், பொருளுக்காகத் தண்டிக்கப்பட்ட காலம் கடந்துவிட்டதன் விளைவே எனலாம்.