கடலோரத் தோட்டங்களும் கொசுக் காய்ச்சலும்

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் கடலோரச் சாலையின் இருமருங்கிலும் இன்று செம்பனை செழித்து நிற்கிறது. முன்னொரு காலத்தில் இக்கடலோர நிலம் பெரும்பாலும் சதுப்பாகவும் காடாகவும் கிடந்தது. அதனைக் காப்பித் தோட்டமாகவும், பின்னர் ரப்பர்த் தோட்டமாகவும் ஆக்கிய உழைப்பில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. காட்டை அழித்தனர், கரை கட்டினர், அல்லூர் வெட்டினர். அவ்வுழைப்பிற்கு அவர்கள் கொடுத்த விலைகளுள் ஒன்று காய்ச்சல்.

குளிரும் நடுக்கமுமாக வரும் அக்காய்ச்சல் சதுப்பின் கெட்ட காற்றால் விளைவது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். அவ்வுண்மையை நடைமுறைப்படுத்திய முதற்களங்களுள் ஒன்று கிள்ளான். 1901இல் அங்குப் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், நகரிலும், அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடிக்கவும் காட்டை அகற்றவும் வழி செய்தார்.

அதன் பயனை எண்களே கூறும். மலேரியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கிள்ளான் நகரத்தார் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். துறைமுகத்தில் 188ஆக இருந்த தொகை 11ஆகக் குறைந்தது. ஆயின், வடிகால் காணாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலோ 197ஆக இருந்தது 353ஆக உயர்ந்தது. புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டு வந்த காலம் அது. நகரைக் காத்த அறிவு காட்டோர லயத்தை எட்டவில்லை. லயத்தை எங்கே கட்டுவது, நீரை எவ்வழி வடிப்பது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை அங்கு வாழ்ந்தவர்க்கு இல்லை. அது நிருவாகத்தின் கையில் இருந்தது.

வாட்சனின் ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று. கடலோரச் சமவெளியின் கொசு நிழலடர்ந்த தேக்கநீரில் முட்டையிட்டது. காட்டை வெட்டி நீரை வடித்தவுடன் ஒழிந்தது. மலைப்புறத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடியது. அங்குக் காட்டை வெட்டியதே அதற்கு வாழ்வளித்தது. எனவே, கொசுவின் இயல்பை அறியாமல் செய்யும் முயற்சி நோயை வளர்க்கவும் கூடும்.

இப்பாடம் இன்றும் பொருந்துகிறது. டிங்கிக் காய்ச்சல் இந்நாட்டிற்குப் புதியதன்று. 1902இலேயே பினாங்கில் அது பதிவு பெற்றது. உயிர்க்கொல்லியான இரத்தக்கசிவு டிங்கி 1962இல் அதே பினாங்கில் தோன்றி, 1973இல் நாடெங்கும் பரவியது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. 1998இன் இறுதியில், வாட்சன் மலேரியாவை வென்ற அதே துறைமுகப் பகுதியில், சிக்குன்குனியா தலைகாட்டியது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1,30,101 பேர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் மாண்டனர்.

இந்நச்சுயிரிகளைச் சுமக்கும் ஏடிஸ் கொசு சதுப்பைத் தேடுவதில்லை. குளியலறைத் தொட்டி, பூச்சாடியின் தட்டு, கூரைத் தகரத்தின் மடிப்பு, எறிந்த டயர், பால்வெட்டு நின்றுபோன மரத்தில் தொங்கும் மங்கு ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். பகலில் கடிக்கும், பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் வாழ்க்கைச் சங்கிலி அறுந்துபோகும்.

அன்று தோட்டத் தொழிலாளி வெட்டிய அல்லூர் அவன் பேரப்பிள்ளைகளை மலேரியாவிலிருந்து காத்தது. ஆயின், அந்த அல்லூரால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை வடிக்க இயலாது. பாழ்மனையையும் கட்டுமானத் தளத்தையும் கண்காணிப்பது ஊராட்சியின் கடமை. தொட்டியைக் கழுவுவது வீட்டாரின் கடமை. லயத்தில் வாழ்ந்தோர்க்கு அன்று கிட்டாத உரிமை, தம் வாசலைத் தாமே காக்கும் உரிமை, இன்று அவர்தம் வழித்தோன்றல்களிடம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் பழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே ஊட்டுதல் ஆசிரியர் பொறுப்பாகும்.