வலை இழுத்த கப்பல்கள் வழி காத்த வரலாறு

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலே அமைந்த ஊர். அங்கே மூடுபனி உண்டு, மலைச்சாரல் உண்டு, கொத்மலை ஓயாவின் நீரோட்டம் உண்டு, கடல் மட்டும் இல்லை. ஆயினும் கடலை நம்பியே வாழ்ந்த ஊர் அது என்று சொன்னால் அது மிகையாகாது. மலைச்சரிவிலே பறிக்கப்பட்ட கொழுந்து தொழிற்சாலையிலே தூளாகி, மரப்பெட்டியிலே அடைபட்டு, புகையிரதமேறிக் கொழும்புத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறிச் சென்றால்தான் தோட்டத்து அடுப்பிலே உலை கொதிக்கும். அந்த உலையிலே இடப்பட்ட அரிசியும் பெரும்பாலும் பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்ததே. அந்தத் தோட்டங்களிலே உழைத்த மக்களின் முன்னோரும் கடல் கடந்தே வந்தனர். ஆகவே, கடல்வழி அடைபட்டால் மலைநாடு பட்டினி கிடக்க நேரும் என்பது எவருக்கும் விளங்கும் உண்மை.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே அந்தக் கடல்வழியைக் காத்தவை எவை என்று கேட்டால், பெரும் போர்க்கப்பல்களின் பெயர்களையே பலரும் சொல்வர். அவற்றின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்தப் பெருங்கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்னர், அவற்றின் பாதையைக் கூட்டித் துப்புரவாக்கிய சிறு கலங்கள் சில இருந்தன. அவற்றுட் பல, மீன் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட கலங்கள்; சில, தென்துருவக் கடலிலே திமிங்கிலம் வேட்டையாடியவை. றோலர் என்று வழங்கப்படும் இழுவைக் கப்பல்கள் வலையை விடுத்துக் கண்ணிவெடி வாரச் சென்ற வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது.

றோலரின் தொழில் எளிமையானது, ஆனால் கடுமையானது. பை போன்ற பெருவலை ஒன்றை இரும்புக் கம்பி வடங்களிலே பிணைத்துக் கடலடியிலே இறக்கிக் கப்பல் இழுத்துச் செல்லும். வலையின் வாய் மூடிக்கொள்ளாதிருக்க, அதன் இருபுறமும் கனத்த பலகைகள் கட்டப்பட்டிருக்கும். நீரின் விசை அப்பலகைகளை இருமருங்கும் தள்ளுவதால் வலை வாய் விரிந்தபடியே செல்லும். வலையை மேலே தூக்க வலிமை மிக்க சுழல்பொறி வேண்டும். புயலிலும் நிலை குலையாத அடிக்கட்டு வேண்டும். உறைபனியிலும் கைசோராத மாலுமிகள் வேண்டும். ஐஸ்லாந்துக் கடல்வரை சென்று மீன் கொணர்ந்த இங்கிலாந்தின் ஹல், கிறிம்ஸ்பி முதலிய துறைமுகங்களின் றோலர்களிடம் இவை யாவும் இருந்தன.

கடற்கண்ணியின் அமைப்பையும் இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். பழைய வகைக் கண்ணி ஓர் இரும்புக் குடம். அதனுள்ளே வெடிமருந்து நிறைந்திருக்கும். கடலடியிலே கிடக்கும் பாரம் ஒன்றோடு அதனைக் கம்பி வடத்தாற் பிணைத்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்க விடுவார்கள். கப்பலின் அடி அதன்மீது மோதினால் வெடிக்கும். அதனை அகற்றுவதற்கு ஒரே வழி, அந்தப் பிணைவடத்தை அறுத்து விடுவதாகும். அறுந்த கண்ணி மேலே மிதந்து வரும். அதனைத் துப்பாக்கியாற் சுட்டு அழிப்பார்கள். வடத்தை அறுக்க வேண்டுமானால் கடலுக்குள்ளே கம்பியை அகல விரித்து இழுத்துச் செல்ல வேண்டும். இதனை மீன்பிடிக்கும் மாலுமியைவிட நன்கு அறிந்தவர் யார்?

இந்த உண்மையை முதலிற் கண்டவர் பிரித்தானியக் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் பெரஸ்போர்ட் பிரபு. அவர் 1907 ஆம் ஆண்டிலே கிறிம்ஸ்பித் துறைமுகத்தைப் பார்வையிட்ட பின்னர், யுத்தம் வந்தால் றோலர்களையே கண்ணி வாரும் பணிக்கு அமர்த்தலாம் என்று ஆலோசனை கூறினார். அடுத்த ஆண்டிலே இரு றோலர்களைக் கொண்டு பரீட்சை நடத்தப்பட்டது; அது வெற்றி கண்டது. 1910 ஆம் ஆண்டிலே கடற்படைச் சேமப் படையில் றோலர்ப் பிரிவு ஒன்று தோன்றியது. 1914 ஆம் ஆண்டிலே முதலாம் மகாயுத்தம் மூண்டபோது வலைஞர்கள் நூற்றுக்கணக்கிலே அழைக்கப்பட்டனர். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 3,000 மீன்பிடிக் கலங்கள் கடற்படைச் சேவையிலே ஈடுபட்டன. தனிக் கப்பல் ஒன்றே கண்ணி வாருவதற்கான ஒரு முறைக்கு ஒறோபேசா என்று பெயர் வழங்கலாயிற்று. அம்முறை முதலிற் பரீட்சிக்கப்பட்ட றோலரின் பெயரே அது. மீன் வலையை விரித்த பலகையின் தத்துவமே அங்கே கண்ணி வடத்தை அறுக்கும் கம்பியை விரிக்கவும் பயன்பட்டது.

அந்த யுத்தம் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1917 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், வணிகக் கப்பல் போல வேடம் பூண்ட உல்வ் என்னும் ஜெர்மானியக் கப்பல் கொழும்புக்கு வெளியே இரகசியமாகக் கண்ணிகளை விதைத்துச் சென்றது. சில நாட்களுள் வூஸ்ரர்ஷயர், பேர்சியஸ் ஆகிய இரு கப்பல்கள் அக்கண்ணிகளுக்கு இரையாயின. பகைவரின் படை ஒன்றும் கரையிலே கால் வைக்கவில்லை. பீரங்கி ஒன்றும் முழங்கவில்லை. ஆயினும் துறைமுகத்தின் வாயிலிலேயே கப்பல்கள் அழிந்தன. கண்ணியின் கொடுமை அத்தகையது. அது பகைவன் போன பின்னரும் பகை தீர்க்கும் ஆயுதம்.

இந்த அனுபவம் வீண்போகவில்லை. இலங்கையிலே 1937 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் கடற்படைத் தொண்டர் படை ஒன்றுக்கு வழி வகுக்கப்பட்டது. டபிள்யூ. ஜி. பீச்சம் என்பவரின் தலைமையிலே, விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளையும் மாலுமிகளையும் கொண்டு அது தொடங்கியது. 1939 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆந் திகதி, ஐரோப்பாவிலே யுத்தம் வெடிப்பதற்கு முந்திய நாள், அப்படை சேவைக்கு அழைக்கப்பட்டது. அப்போது அதனிடம் சொந்தமாகப் போர்க்கப்பல் ஒன்றும் இருக்கவில்லை. துறைமுக ஆணைக்குழுவின் சம்சன், கோலியாத் என்னும் இழுவைப் படகுகளிலேயே அது தன் பணியை ஆரம்பித்தது.

பின்னர் இலங்கை அரசாங்கம் விலைகொடுத்து வாங்கிய முதற் கப்பல் ஓவர்டேல் வைக் என்னும் றோலராகும். அதன் பெயரில் உள்ள வைக் என்பது ஹல் நகரின் பழம் பெயர். நாட்டின் முதற் போர்க்கலம், வட கடலின் குளிருக்கென உருவாகி, மீன் பிடித்துத் தேய்ந்த ஒரு தொழிற் கப்பல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் பின்னர் ஒகாபி, செம்லா, சாம்பர் முதலிய கலங்கள் வந்தன. ஹொக்சா, பல்ரா என்பவையும் தொண்டர் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டன. இவை இரண்டும் யுத்தத்துக்கென்றே கட்டப்பட்டவை. ஆயினும் அவற்றின் வடிவம் றோலரின் வடிவமே. மீன்பிடிக் கலத்தை மாற்றிப் பயன்படுத்திய கடற்படை, ஈற்றில் மீன்பிடிக் கலத்தைப் பார்த்தே போர்க்கலம் கட்டத் தொடங்கியது. பழைய கலங்களிலே துப்பாக்கிகளும், நீர்மூழ்கியைக் கண்டறியும் கருவிகளும், அதனைத் தாக்கும் வெடிகளும் பொருத்தப்பட்டன. மீன் வைத்த அறைகள் மனிதர் உறங்கும் அறைகளாயின.

குளிர் நாட்டுக்கென உருவான கப்பலிலே வெப்ப மண்டலத்திற் பணிபுரிவது எத்தகையது? கரி அள்ளிப் போடும் அடித்தளத்தின் வெப்பத்தையும், மேல்தளத்து இரும்பு வெயிலிற் காயும் கொடுமையையும் எண்ணிப் பார்த்தாலே அது விளங்கும். கண்ணி வாரும் பணியிலே புகழுக்கு இடமில்லை. வாரிய பாதையை மறுபடியும் மறுபடியும் வார வேண்டும். ஒன்றும் அகப்படாத நாளே நல்ல நாள்; ஆனால் ஒன்றும் அகப்படவில்லை என்று ஒரு நாள் சோம்பியிருந்தால், மறுநாள் ஒரு கப்பல் அழியக்கூடும்.

1942 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஹெக்ரர், ரெனடோஸ் ஆகிய கப்பல்கள் துறைமுகத்திலேயே அழிந்தன. அதே நாளில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்னும் இரு பெருங் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் மூழ்கின. ஏப்ரல் 9 ஆந் திகதி திருகோணமலை தாக்குண்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பெருங் கப்பல்கள் பல கீழ்த்திசைத் துறைமுகங்களை விட்டு அகன்ற அந்த நாட்களிலும் சிறு கலங்கள் தத்தம் இடத்திலேயே நின்றன. இலங்கைத் தொண்டர் படையினர் பகைவரின் சூட்டுக்கு ஆளாகியும் பணிபுரிந்தனர்; வீழ்ந்த ஜப்பானிய விமானங்களிலிருந்து பயன் மிக்க தகவல்களை மீட்டனர். 1943 ஆம் ஆண்டிலே அவர்கள் பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப் படையாக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் இத்தாலி சரணடைந்தபோது, எரித்திரியா என்னும் இத்தாலியக் கப்பலைக் கொழும்புக்கு அழைத்துவரும் பணியிலும் அவர்கள் பங்கு கொண்டனர். பர்மியப் போர்முனை திறக்கப்பட்டபின் அக்யாப் வரையும் சென்றனர்.

இச்சேவைக்கு விலையும் கொடுக்கப்பட்டது. 1944 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாலோய் என்னும் நோர்வேயின் சிறு கலம் ஒன்று இலங்கைக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியினால் மூழ்கடிக்கப்பட்டது. இங்கிலாந்திலே றோலர்களை நடத்திய காவற் சேவையின் தலைமையகம் லோஸ்ரொவ்ற் என்னும் மீன்பிடித் துறைமுகத்திலே இருந்தது. அங்கே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்திலே, கடலன்றி வேறு கல்லறை இல்லாத ஏறத்தாழ 2,400 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுட் பலர் வலை இழுத்துப் பிழைத்த எளிய மனிதர்.

இவ்வளவும் மலைநாட்டுக்கு என்ன தொடர்பு என்று எவரேனும் வினவலாம். 1940 ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து பிரித்தானியாவில் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலையே பங்கீடாகக் கிடைத்தது. அந்த இரண்டு அவுன்சும் கண்ணியையும் நீர்மூழ்கியையும் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. தலவாக்கலையிலும் ஹற்றனிலும் நானுஓயாவிலும் ஏற்றப்பட்ட பெட்டிகள் கொழும்புத் துறைமுக வாயிலைத் தாண்டியது, அந்த வாயிலை ஓயாது வாரிய கலங்களின் உழைப்பினாலேயே. மறுபுறத்தே, 1942 இல் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரத்து நின்றது, பங்கீடு வந்தது, தோட்டத்து லயங்களிலே கோதுமை மா அரிசியின் இடத்தைப் பிடித்தது. அந்த மாவும் கடல்வழியே வந்தது. களைத்த கடற்படையினர் ஓய்வு பெறத் தியத்தலாவை முகாமுக்குச் சென்ற புகையிரதமும் தலவாக்கலையைக் கடந்தே போயிற்று. கடலைக் காணாத கொழுந்து பறிக்கும் பெண்ணும், தேயிலைச் செடியைக் காணாத கரி அள்ளும் மாலுமியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாக இருந்தனர்.

யுத்தம் முடிந்தது. றோலர்கள் பழைய தொழிலுக்குத் திரும்பின. பல உடைத்து விற்கப்பட்டன. இலங்கையிலும் றாக்லன் காஸில் என்னும் றோலர் அரசாங்கத்தின் சார்பிலே குமரி முனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேட்டுக்குச் சென்று மீன் கொணர்ந்தது. 1976 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் அந்த மேடு இந்தியாவுக்குரியதாயிற்று. ஆறு கலங்களுக்கு மூன்றாண்டு அனுமதி மட்டுமே இலங்கைக்குக் கிடைத்தது. பின்னாளில் இழுவை வலை பாக்கு நீரிணையிலே கடலடியை அரித்து, இருகரைத் தமிழ் மீனவரிடையே மனக்கசப்புக்குக் காரணமாயிற்று. 2017 ஆம் ஆண்டிலே இலங்கை அம்முறையைச் சட்டத்தினாலே தடைசெய்தது. ஒரு கருவி நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. அதனை ஆள்வோரின் நோக்கமே அதன் குணத்தை நிர்ணயிக்கின்றது என்பதற்கு இது சான்று.

கப்பல்களின் கதி இதுவானால், அந்தச் சங்கிலியின் மறுமுனையிலே உழைத்த மக்களின் கதி யாது? யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை வந்த கடல்வழியே திருப்பி அனுப்ப வழி செய்தது. எஞ்சியோரின் உரிமையை முழுமையாக ஏற்ற சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. யுத்த காலத்திலே உயிர்நாடியாகக் கருதப்பட்ட உழைப்பு, சமாதான காலத்திலே கணக்கில் வராமற் போயிற்று.

1950 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் திகதி இலங்கைக்கெனக் கடற்படை ஒன்று முறையாக நிறுவப்பட்டது. அதன் வேர் மீன் மணம் வீசிய ஒரு றோலரின் தளத்திலே ஊன்றியது. ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும் போர்களையும் தளபதிகளையும் எழுதட்டும், அது முறையே. ஆனால் பாதையைக் கூட்டியவனையும், கரி அள்ளியவனையும், கொழுந்து பறித்தவளையும் விட்டு எழுதப்படும் வரலாறு நிறைவுடையதாகாது. லோஸ்ரொவ்றிலே அந்த மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத்திலே நிலைபெற்றுள்ளன. அதே யுத்த காலத்திலே மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறித்தவர்களின் பெயர்களோ பழைய தோட்டப் பேரேடுகளிலேயே கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து எழுதும் கடமை, இன்று மலைநாட்டிலே கல்வி கற்று வரும் தலைமுறையைச் சார்ந்தது.