செங்கம் சாலையில் சுமையும் டீசலும்: சிறு சரக்கு வண்டிகளின் மைலேஜ் வரலாறு

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் வாசலை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலை, திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் பழைய தடத்தில் இருக்கிறது. பாராமகால் மேட்டுநிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் வழியும் இதுதான். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் செங்கத்தில் மோதிக்கொண்டது இந்த வழியில்தான். மேடேறும் சாலை என்பது படைக்கு மட்டுமல்ல, பாரத்துக்கும் பொருட்டு. ஆனால் சிறு சரக்கு வண்டிகளின் மைலேஜ் என்று விற்பனையகத்தில் சொல்லப்படும் எண்ணில் மேடும் கிடையாது, பாரமும் அநேகமாகக் கிடையாது. அந்த எண்ணுக்கும் ஓட்டுநர் கைக்கணக்குக்கும் இடையிலான விலகல் எப்படி வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1922-இல் ரமணர் அருணாசல மலையின் தென்னடிவாரத்தில் வந்து தங்கியபோது, இன்றைய ஆசிரமப் பகுதி ஊருக்கு வெளியே இருந்த காடு. சரக்கு மாட்டுவண்டியில் போன காலம் அது. கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை அந்தப் பொருளாதாரத்தின் மிச்சம். மாட்டுக்குத் தீவனம் நாள் கணக்கு. வண்டி ஓடினாலும் நின்றாலும் செலவு ஒன்றுதான். தூரத்தை எரிபொருளால் வகுக்கும் பழக்கம் எஞ்சினோடுதான் வந்தது.

பஜாஜ் டெம்போ 1958-இல் மூன்று சக்கர ஹான்சியாட்டையும் 1969-இல் மட்டடோரையும் கொண்டுவந்தது. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி என நான்கு நிறுவனங்கள் இலகுரக லாரிக்குள் இறங்கின. அவற்றுக்குப் போட்டியாக டாடா 1986-இல் 407-ஐ விட்டது. ஜப்பானியர் பெருமையாகக் காட்டியது எரிபொருள் சிக்கனத்தை. சந்தையில் நிலைத்ததோ, கூடுதல் பாரம் ஏற்றினாலும் உடையாத 407. சிக்கனம் என்பதை இந்திய உரிமையாளர் டீசலில் மட்டும் பார்க்கவில்லை. ஸ்பிரிங் பட்டையும் அச்சும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் அவருக்கு அதே கணக்கில் சேர்த்தி.

உண்மையான திருப்பம் 2005 மே மாதம் வந்தது. 2000-01 நிதியாண்டில் சுமார் 500 கோடி ரூபாய் நட்டம் கண்ட டாடா மோட்டார்ஸ், கிரீஷ் வாக் தலைமையில் ஒரு குழுவை வைத்து உருவாக்கியது ஏஸ். தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், 750 கிலோ சுமை, சுமையோடு மொத்த எடை 1,550 கிலோ. ஏற்றும் பாரம் வண்டியின் சொந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் வேலைக்குப் போக ஒற்றை ஆள் ஓட்டும் ஹெவி டியூட்டி பிக்கப்பின் வெற்று எடையே மூன்று டன்னை ஒட்டி வரும். சுமையில்லாமல் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர், பெரிய டிரெய்லரை இழுத்தால் நான்கு என்பது அங்கே வழக்கமான அனுபவம்.

2011-இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து ஓசூரில் தயாரித்து வெளியிட்ட தோஸ்த், 1.25 டன் சுமைக்கு 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் காமன் ரெயில் எஞ்சினைக் கொடுத்தது. 2016-இல் நிசான் விலகியது, வண்டி நிலைத்தது.

இனி கணக்கு. புனேயில் 1966-இல் அமைந்த ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற ஆய்வகங்களில் சிறு வண்டிகள் உருளைமேல் ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. சோதனைச் சுழற்சி இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.; முழுச் சுமை ஏற்றுவதில்லை. கார்களுக்கு 2017 முதல் எரிபொருள் நுகர்வு வரம்பு நடைமுறையில் உள்ளது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2017-இல் வரம்பு அறிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே 3.5 டன் வரையுள்ளவற்றுக்குப் பின்னர் வந்தது. குட்டி யானையும் தோஸ்தும் இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் ஓடின. அமெரிக்காவிலும் இதே போன்ற ஓட்டை உண்டு: மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டும் சரக்கு பிக்கப்புகளுக்கு மைலேஜ் வில்லை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அதிகம் குடிக்கும் வண்டிக்கே எண் இல்லை என்பது விசித்திரம்தான்.

ஆகவே டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறைதான் நம்பகமானதாக எஞ்சுகிறது. அதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது. ஆசிரமப் பகுதியிலிருந்து பெங்களூரு சுமார் 200 கி.மீ.; ஏற்றம் 700 மீட்டருக்கு மேல். இரண்டரை டன் எடையில் தோஸ்த் அந்த உயரத்துக்கு ஏற, எஞ்சின் திறன் 30 சதவீதம் எனக் கொண்டால், ஏற்றத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் வேண்டும். லிட்டருக்கு 13 கி.மீ. கொடுக்கும் வண்டியில் இது மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு. வேகத்தின் பங்கு இதைவிடப் பெரிது: 60-இலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. தார்ப்பாய் தளர்ந்து படபடக்கும் லோடுக்கு இன்னும் மோசம். பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்துக்காகத் திருப்பிவிடப்பட்டு, எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம்.

இன்னொன்றும் உண்டு, என் பார்வையில் அதுவே முக்கியம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவே சரக்கு வண்டிக்குப் பொருந்தாதது. கணக்குக்காக, முழுச் சுமையில் குட்டி யானை 18, தோஸ்த் 13, இரண்டேகால் டன் ஏற்றும் 407 எட்டரை கி.மீ. கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஒரு டன் எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிறது: 13.5, 16, 19. ஆனால் பாதிச் சுமையோடு போனாலோ திரும்பும்போது காலியாக வந்தாலோ பெரிய வண்டியின் லாபம் கரைந்துவிடும். நடைக்கு எவ்வளவு டீசல் என்று கேட்கும் வாடகை ஓட்டுநர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்க்காரரோ தூரத்தையே விட்டுவிட்டு மணிக்கு இத்தனை லிட்டர் என்கிறார். இழுவைக்கு அதுவே நேர்மையான அளவு.

விலையும் இந்தக் கணக்கை மாற்றியது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்தான். 2013 ஜனவரியிலிருந்து டீசல் சிறுகச் சிறுக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் டீசல் எஞ்சினுக்குப் புகை சுத்திகரிப்புச் சாதனங்களின் செலவும் கூடியது. குட்டி யானை பெட்ரோலிலும் வந்தது இந்தச் சூழலில்தான்.

2022-இல் அறிமுகமான மின்சார ஏஸுக்கு 21.3 கிலோவாட் மணி மின்கலமும் 600 கிலோ சுமையும் 154 கி.மீ. சான்றளிக்கப்பட்ட ஓட்டமும் சொல்லப்பட்டன. இறக்கத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் திரும்பப் பெறும் வசதி இதில் உண்டு. டீசல் வண்டிக்கு அது கிடையாது. ஓசூரிலிருந்து சுமையோடு இறங்கி வருவதற்கு இது தோது. காலையில் செங்கம் போய்த் திரும்பும் காய்கறி லோடுக்கும் போதும். பெங்களூருக்கு ஏறவேண்டிய நடைக்கு, நடுவழியில் எங்கே சார்ஜ் போடுவது, அந்த நேரத்துக்குக் காத்திருப்பு வாடகை யார் கொடுப்பது என்பவை மைலேஜ் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இனங்கள்.