இடையில் நின்றவர்கள் எந்தக் கணக்கில்?

உளவியல் மாணவர்கள் எழுதும் இலக்கிய மீளாய்வுகளில் ஒரே வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வரும். ஒருவர் பெயர், ஆண்டு, ‘இவ்வாறு கண்டறிந்தார்’. அடுத்த பத்தியில் அடுத்தவர். இருபது பத்தி முடிந்ததும் மீளாய்வும் முடிந்துவிடும். அந்த இருபது பேரும் சேர்ந்து என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் எங்குமே இருக்காது. இந்த வேலையை எப்படித்தான் செய்வது என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வேன். உளச்சிகிச்சையால் பலன் உண்டா என்ற ஒரே கேள்வியைத்தான் இரண்டும் கேட்டன. கிடைத்த விடைகளோ நேர் எதிரானவை.

முதலாவது, லண்டனில் பணியாற்றிய ஹான்ஸ் ஐசெங்க் 1952-இல் எழுதியது; ஆறே பக்கம். இரண்டாவது, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977-இல் எழுதியது. அதுவும் பத்துப் பக்கத்தைத் தாண்டாது. சிகிச்சை பெற்றவர்கள் சிகிச்சை பெறாதவர்களைவிட அதிகமாகத் தேறினார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றார் ஐசெங்க். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்றார்கள் ஸ்மித்தும் கிளாஸும்.

ஆய்வுகளைத் திரட்டிய விதத்திலேயே இரண்டும் பிரிகின்றன. ஐசெங்க் எடுத்துக்கொண்டவை 24 ஆய்வுகள்: உளப்பகுப்பாய்வு பற்றி 5, பல முறைகளைக் கலந்த சிகிச்சை பற்றி 19. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அதை வேறிடத்திலிருந்து கொண்டுவந்தார். ஒன்று, நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் முறையான உளச்சிகிச்சை இல்லாமலே தேறி வெளியே வந்தவர்களின் கணக்கு. மற்றொன்று, காப்பீட்டு நிறுவனத்தில் உதவித்தொகை கோரி, பொது மருத்துவரிடம் மட்டும் பார்த்துக்கொண்ட 500 பேரின் கணக்கு. இரண்டும் தந்த எண் 72 சதவீதம். ஸ்மித்தும் கிளாஸும் சுமார் 1,000 ஆய்வுகளைத் தேடிப் பிடித்தார்கள். அச்சேறாத முனைவர் பட்ட ஆய்வேடுகளும் அவற்றில் அடக்கம். சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிட இன்னொரு குழுவும் அதே ஆய்வுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த விதிப்படி 375 ஆய்வுகளை முழுமையாகப் பகுத்தார்கள். இந்த இடத்தில் 1977 கட்டுரையின் கை ஓங்குகிறது. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நோய்க்கடுமையோடு வந்தவர்களை ஒரே தராசில் நிறுத்தினால் முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை நம்ப முடியாது.

அடுத்தது எண்ணிய விதம். மாணவர்களை நான் நெடுநேரம் நிறுத்தி வைக்கும் இடம் இதுதான். உளப்பகுப்பாய்வு பெற்ற 760 பேரில் தேறியவர்கள் 44 சதவீதம் என்கிறது ஐசெங்கின் அட்டவணை. ஆனால், சிகிச்சையை நடுவில் விட்டுப் போனவர்களையும் அவர் ‘தேறாதவர்’ பத்தியிலேயே சேர்த்திருக்கிறார். அவர்களை விலக்கிப் பார்த்தால் அதே தரவு சுமார் 66 சதவீதம் ஆகிவிடுகிறது. தரவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு முடிவு மட்டும் மாறியது. ஐசெங்கை நான் மதிப்பதும் இதனால்தான். இந்த மாற்றுக் கணக்கை அவரே கட்டுரையில் எழுதி வைத்தார், ஒவ்வோர் ஆய்வின் எண்ணையும் அட்டவணையில் போட்டார். அதனால்தான் ஆலன் பெர்கின் 1971-இல் அதே ஆய்வுகளைத் திரும்ப எண்ணி, உளப்பகுப்பாய்வுக்கு மிகவும் சாதகமான விகிதங்களைக் காட்ட முடிந்தது.

கிளாஸ் ‘தேறினார், தேறவில்லை’ என்ற பிரிப்பையே கைவிட்டார். பதற்றம், தன்மதிப்பு, படிப்பு, வேலை என்று ஒவ்வோர் ஆய்வும் தனக்கேற்ற அளவையை வைத்திருந்தது. எல்லாவற்றையும் பொது அலகுக்குக் கொண்டுவர, இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தார். இதுவே விளைவளவு. இப்படிக் கிடைத்த 833 விளைவளவுகளின் சராசரி 0.68. ஆய்வுகளையே தரவாக எண்ணிப் பகுக்கும் இம்முறைக்கு ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று 1976-இல் பெயர் வைத்தவரும் அவரே.

இந்த முறைக்கும் விலை உண்டு. தரமான ஆய்வையும் தரமற்ற ஆய்வையும் ஒரே பானையில் கொட்டிவிட்டார்கள் என்று 1978-இல் ஐசெங்க் கடுமையாகச் சாடினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 375 ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 22, சிகிச்சை நேரம் சராசரியாக 17 மணி. பல்லாண்டு மனச்சோர்வோடு மருத்துவமனைக்கு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு 0.68 என்ற எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. சராசரி என்பது பலரை ஒன்றாக்கிக் காட்டும். யார் யாரை ஒன்றாக்கினோம் என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

இருவரும் நடுநிலையில் நின்று தொடங்கியவர்களும் அல்லர். ஐசெங்க் உளப்பகுப்பாய்வின் பகிரங்க விமர்சகர். கிளாஸோ பல ஆண்டுகள் தாமே உளச்சிகிச்சை பெற்றவர். ஐசெங்கின் முடிவு தம்மை உறுத்தியதாகப் பின்னாளில் எழுதினார். சாய்வு இருப்பது மீளாய்வைக் கெடுத்துவிடாது. விதியை மறைத்தால்தான் கெடும். இருவரும் மறைக்கவில்லை, ஆகவே இருவரோடும் இன்றும் நாம் வாதாட முடிகிறது.

பாடத்துக்காக மீளாய்வு எழுதும் மாணவர் 375 ஆய்வுகளைத் தேட வேண்டியதில்லை. பதினைந்து போதும். ஐசெங்கிடமிருந்து கூர்மையான ஒற்றைக் கேள்வியையும், கிளாஸிடமிருந்து ‘எதை எடுத்தேன், எதை விட்டேன், ஏன்’ என்று முதலிலேயே எழுதிவிடும் ஒழுங்கையும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு பத்திகளை எழுதுமுன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள். கட்டத்தைக் குறுக்காகப் படித்தால் ஒவ்வோர் ஆய்வும் தனியாகத் தெரியும். நெடுக்காகப் படித்தால்தான் ஆய்வுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். உங்கள் பத்திகள் பிறக்க வேண்டியது அந்த நெடுக்குவரிசையிலிருந்து.

கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த 760 பேரில் சுமார் 250 பேர் பாதியில் எழுந்து போனார்கள். தேறிவிட்டதால் போனார்களா, நம்பிக்கை இழந்து போனார்களா என்று அட்டவணை சொல்லாது. அவர்களை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதை வாசகருக்குச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.