நிணநீர்க்கணு திசுப் பரிசோதனை: நுண்ணோக்கியில் லிம்போமா கண்டறியப்படும் விதம்

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நிணநீர்க்கணுக்கள் வீங்குவதையே நெறிக்கட்டி என்கிறோம். தொண்டைப் புண், பல் சீழ், காலில் ஏற்பட்ட காயம் முதலியவற்றால் உண்டாகும் நெறிக்கட்டி பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். நான்கு வாரங்களுக்கு மேல் வடியாமல் இருப்பது, 2 செ.மீ.க்கு மேல் வளர்வது, காறை எலும்புக்கு மேல் தோன்றுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை அணுக வேண்டும்.

நீண்ட நாள் வடியாத நெறிக்கட்டிக்கு நம் நாட்டில் முக்கியக் காரணம் காசநோய். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயும் இதே தோற்றத்துடன் வரலாம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவை இரண்டிலும் காணப்படும். தொட்டுப் பார்த்தோ, ஸ்கேன் எடுத்தோ இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

ஊசிப் பரிசோதனை மட்டும் போதுமா?

மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை எளிது; வலியும் குறைவு. காசநோயையும், பிற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுநோயையும் கண்டறிய அது பெரிதும் உதவும். லிம்போமாவில் நிலைமை வேறு. இங்கு ஒவ்வொரு செல்லின் தோற்றத்துடன், கணுவினுள் செல்கள் அமைந்துள்ள ஒழுங்கையும் காண வேண்டும். ஊசியில் வருவன உதிரிச் செல்களே. அவற்றில் அந்த ஒழுங்கு தெரியாது. எனவே, ஊசிப் பரிசோதனையில் “புற்றுநோய் இல்லை” என்று வந்த பின்னரும் வீக்கம் தொடர்ந்தால், இயன்றவரை ஒரு கணுவை முழுமையாக அகற்றிப் பரிசோதிப்பதே சிறந்தது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

அகற்றிய கணு அழுகாமல் இருக்க ஃபார்மலின் கரைசலில் இடப்படும். பின்னர் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படும். சாயமேற்றியதும் செல்லின் உட்கரு நீலமாகவும், அதைச் சூழ்ந்த பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் கணு முழுவதையும் பார்ப்பார். இயல்பான கணுவின் ஓரப்பகுதியில் வட்டமான நுண்முடிச்சுகள் காணப்படும். கிருமித் தொற்றால் வீங்கிய கணுவில் அவை எண்ணிக்கையில் கூடும். ஆயினும் சிறிதும் பெரிதுமாக, விலகி நிற்கும். ஃபாலிகுலர் லிம்போமாவில் ஏறத்தாழ ஒரே அளவிலான முடிச்சுகள் நெருக்கியடித்துக் கணு முழுவதும் பரவியிருக்கும். பெரிய பி-செல் லிம்போமாவிலோ முடிச்சுகளின் அமைப்பே அழிந்து, பெரிய செல்கள் விரிப்புப் போலப் பரந்து கிடக்கும்.

ஹாட்ஜ்கின் லிம்போமாவை அறிய உதவுவது ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். இரண்டு உட்கருக்களும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய புள்ளியும் கொண்ட இச்செல் ஆந்தையின் கண்களைப் போலத் தோன்றும். இயல்பான செல்களின் கூட்டத்தில் இவை மிகச் சிலவே இருக்கும் என்பதால் பொறுமையாகத் தேட வேண்டும்.

காசநோயுடன் குழப்பம் ஏன்?

காசநோயில் கிரானுலோமா எனும் செல் திரள்களும், அவற்றின் நடுவே பாலாடைக்கட்டி போன்ற சிதைவும் காணப்படும். ஆனால் ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் சிலருக்குக் கிரானுலோமா தோன்றுவதுண்டு. 1898-இல் இச்செல்லை விவரித்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க், இந்நோயைக் காசநோயின் ஒரு வடிவமாகவே கருதினார். 1902-இல் டோரதி ரீட் இது காசநோய் அன்று, தனி நோய் எனத் தெளிவுபடுத்தினார். ஆகவே கிரானுலோமாவை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன.

முடிவு வரத் தாமதமாவது ஏன்?

தோற்றத்தை வைத்து லிம்போமா என ஐயம் எழுந்தால், செல்களின் மேலுள்ள புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயமேற்றல் தேவைப்படும். சி.டி.20 பி-செல்களைக் காட்டும், சி.டி.30, சி.டி.15 ஆகியவை ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லை உறுதிப்படுத்த உதவும். இதனால் அறிக்கை வரக் கூடுதல் நாட்கள் ஆகலாம். லிம்போமாவில் பல வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ரிட்டுக்சிமாப் எனும் மருந்து சி.டி.20 உள்ள செல்களையே தாக்கும். ஆகவே வகை தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவது பொதுவாக உகந்ததன்று. மேலும், பல வகை லிம்போமாக்கள் குணப்படுத்தக் கூடியவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• திசுப் பரிசோதனைக்கு முன் தாமாகவே ஸ்டீராய்டு மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள். வீக்கம் தற்காலிகமாகச் சுருங்கி, நோயின் அடையாளங்கள் மறைந்துவிடக்கூடும். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• காசநோய் ஐயமும் இருந்தால், திசுவின் ஒரு பகுதி ஃபார்மலினில் இடப்படாமல் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்பட வேண்டும். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
• காசநோய் மருந்து உட்கொள்ளும்போதும் கணு சில வேளை பெரிதாகலாம். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் திசுப் பரிசோதனையின்றி மருந்து தொடங்கப்பட்டு, வீக்கம் வளர்ந்துகொண்டே போனால், மறுபரிசோதனை பற்றிக் கேளுங்கள்.
• அறிக்கையுடன் மெழுகுக் கட்டிகளும் கண்ணாடிச் சில்லுகளும் முக்கியமானவை. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்க அவையே போதுமானவை. பல வேளைகளில் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படாது.